குரல் மாற்றப்படவில்லை

"ஏண்டி, உங்க மாமா எதுக்குடி உன் பாட்காஸ்ட்ல வந்து பேசுறாரு?"

அக்கா போனில் இப்படிக் கேட்டபோது கத்திரி பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த மாமா?" என்றாள், வாய் நிறைய நுரையோடு.

"எனக்கென்ன பத்துப் புருஷனா? உன் அக்கா புருஷன்டி! இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டுட்டிருந்தேன். 'அடுத்து பேசப்போறவரோட அடையாளத்தைச் சொல்ல மாட்டோம், குரலைக்கூட மாத்திட்டோம்'னு உன் கூட்டாளி பெரிசா பில்டப் கொடுத்தான். மூச்சு விடறதுக்குள்ள என் வீட்டுக்காரர் பேசறாரு. நடுவுல இருமறது உட்பட அவரேதான். அதிர்ச்சியில சட்டையைக் கருக்கிட்டேன்."

கத்திரி நுரையை விழுங்கிவிட்டாள்.

சொந்தப் பெயரை அவளே மறந்துவிடும் அளவுக்கு இந்தப் பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்தவன் கணீர். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள். வாரம் ஒரு எபிசோட் வெளியிடும் அந்தப் பாட்காஸ்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். அவன் பேசுவான், இவள் வெட்டுவாள். 'வந்து', 'அதாவது', பெருமூச்சு, நாற்காலி முனகல் எல்லாம் இவள் கையில் துண்டு துண்டாகும். ஸ்டுடியோ என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இவளுடைய படுக்கையறைத் துணி அலமாரிதான் ஸ்டுடியோ. தொங்கும் துணிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் வெளிச் சத்தம் அண்டாது.

மாமாவும் அந்த அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பேசினார். "மச்சினி வீட்டு அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருக்கேன். உங்க அக்கா பாத்தா என்னை லிஃப்ட் குழியிலேயே தள்ளிடுவா" என்று சிரித்துவிட்டு, சட்டென்று முகம் மாறி, "குரலை மாத்திடுவே இல்ல?" என்று கேட்டார்.

"மாமா, நீங்க பேசறது உங்களுக்கே அடையாளம் தெரியாது. நான் கேரண்டி."

அந்தக் கேரண்டிதான் இப்போது அக்காவின் வீட்டில் கருகிக்கொண்டிருந்தது.

மேஜைக்கு ஓடிக் கணினியைத் திறந்தாள். மாமாவின் டிராக்கைத் தேடிப்பிடித்தாள். அதன் ஓரத்தில், குரல் மாற்றும் எஃபெக்டுக்கு நேரே, பச்சையாக எரிய வேண்டிய சின்ன விளக்கு சாம்பல் நிறத்தில் இருந்தது.

அணைந்திருந்தது. அவளேதான் அணைத்தாள்.

அவளுடைய கணினி கிழடு. அந்த எஃபெக்டை ஓடவிட்டு வெட்ட உட்கார்ந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் மூச்சு வாங்கும். அதனால் வெட்டும்போது அதை அணைத்துவிடுவாள், எல்லாம் முடிந்ததும் போடுவாள். எப்போதும் அப்படித்தான். நேற்று எல்லாம் முடிந்த நேரத்தில் கணீர் கூப்பிட்டான். "ஆரம்ப இசை இழுக்குது, கொஞ்சம் நறுக்கிடு." நறுக்கினாள். தலையைக் கேட்டாள், வாலைக் கேட்டாள், எக்ஸ்போர்ட் செய்து வலையில் ஏற்றினாள். நடுப்பகுதியைக் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பகுதி அது. அப்படியே கேட்டிருந்தாலும் உறைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். நாள் கணக்காக அவள் வெட்டியதெல்லாம் மாமாவின் சொந்தக் குரலை. அவள் காதுக்கு மாற்றிய குரல்தான் அந்நியம்.

"அக்கா, மாமா எங்க?"

"வேலைக்குப் போயிட்டாரு. அவரோட சூப்பர்வைசரே வந்து வண்டியில கூட்டிட்டுப் போனாரு."

"போன் பண்ணிப் பாரு."

"பண்ணாம இருப்பேனா? அணைச்சு வச்சிருக்காரு. குழிக்குள்ள இறங்கினா போனைத் தொடக்கூடாதுன்னு அவங்க கம்பெனியில சட்டம்."

"அந்த சூப்பர்வைசர் இதெல்லாம் கேக்கற ஆளா?"

"நல்லாக் கேட்டே! அடுத்த வாரம் லிஃப்டைப் பத்தின்னு நீங்க போன வாரம் சொன்னீங்களே, அதுலேர்ந்து அந்தக் கம்பெனி முழுக்க இதே பேச்சாம். முதலாளிகூடக் காத்துட்டு இருக்காருன்னு உங்க மாமா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எதுக்கு இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கறாருன்னு பாத்தேன். இப்பத்தானே புரியுது!" அக்காவின் குரல் திடீரென்று இறங்கியது. "ஏண்டி... ஆபத்தா?"

ஆபத்துதான். மாமா லிஃப்ட் மெக்கானிக். அவர் கம்பெனி பராமரிக்கும் கட்டடங்களில் கூண்டைத் தாங்கும் இரும்பு வடங்கள் இழை இழையாக அறுந்துகொண்டிருக்கின்றன, மாற்றாமலே எண்ணெய் தடவி 'சரியாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதைத்தான் அவர் அலமாரிக்குள் உட்கார்ந்து சொன்னார். யார் சொன்னது என்று தெரிந்தால் வேலை போகும். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் வேறெங்கும் எடுக்கவும் மாட்டார்கள். அதைவிட மோசமான ஒன்று இப்போது அவள் கண் முன்னால் வந்து நின்றது. மாமா குழிக்குள், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருப்பார். மேலே சுவிட்சருகே சூப்பர்வைசர் இருப்பார்.

"ஒண்ணும் ஆகாது. எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லு."

அக்கா சொன்னாள்.

விளக்கைப் பச்சையாக்கி மறுபடி எக்ஸ்போர்ட் போட்டாள். இந்த முறை நடுப்பகுதியை மட்டும் கேட்டாள். மாமா தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார். புது ஃபைல் வலையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கணீரைக் கூப்பிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவனுடைய கணீர் குரல் கம்மிப் போனது. "பழைய ஃபைலைத் தூக்கிட்டுப் புதுசை வை."

"வச்சுட்டிருக்கேன். ஆனா காலையில தானா இறக்கி வச்சுக்கிட்ட போன்லயெல்லாம் பழசுதான் இருக்கும். அதுக்குள்ள நாம கையை விட முடியாது."

"சரி, ஒரு யோசனை. 'முதல்ல வந்தது ஒரு நடிகரோட குரல், அவர் சொன்னதை நடிகரை வச்சுப் படிக்கவச்சோம்'னு ஒரு அறிவிப்புப் போட்டுடலாம்."

"யோசனையாம் யோசனை! ஒருத்தரை நடிகர்னு சொன்னா, நாளைக்கு நாம போடற அத்தனை பேரையும் நடிகர்னு சொல்லுவாங்க. அந்தக் கம்பெனிதான் முதல்ல சொல்லும்."

"அப்போ உங்க மாமாவை என்ன பண்றது?"

"தெரியல. போய்க்கிட்டிருக்கேன். நீ ஃபைல் ஏறிடுச்சான்னு மட்டும் பாத்துக்க. வேற எதையும் தொடாதே. வாயையும்தான்."

ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. காலில் இருந்த செருப்பு ஜோடி சேரவில்லை என்பது பாலத்தைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

நீல வண்ணம் பூசிய உயரமான குடியிருப்பு அது. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் மஞ்சள் பலகை நின்றது. பலகைக்கு முன்னால் இரண்டு கையிலும் பைகளோடு ஒருவர் காவலாளியை வறுத்துக்கொண்டிருந்தார்.

"நேத்தும் இதே பலகை, இன்னிக்கும் இதே பலகை. பேசாம லிஃப்டை எடுத்துட்டுப் பலகையை மாட்டிடுங்கய்யா."

"நானா சார் ரிப்பேர் பண்றேன்? நான் வெறும் கதவு திறக்கறவன்" என்றான் காவலாளி. கத்திரியைப் பார்த்ததும், "மேல போகணும்னா படிதாம்மா, என்னைத் திட்டாதீங்க" என்று முந்திக்கொண்டான்.

அவள் படியேறினாள். பாதி உயரத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் லிஃப்ட் கதவு மூடியிருக்க, அதன் பின்னால் எங்கோ சுத்தியல் இரும்பில் படும் ஒலி கேட்டது. டங். டங். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினாள்.

கடைசித் தளத்துக்கு மேலே ஒரு இரும்பு ஏணிப்படி. அதன் உச்சியில் மெஷின் ரூம். கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே எண்ணெய் வாடை. பசு மாட்டளவு மோட்டார் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் சக்கரத்திலிருந்து வடங்கள் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே இருட்டுக்குள் இறங்கின. பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டின்மேல் நரைத்த தலையோடு ஒருவர். மடியில் போன். ஒரு காதில் இயர்போன், மற்றொன்று மார்பில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஊசலாடிய அந்தக் குமிழிலிருந்து கசிந்த எறும்புச் சத்தத்தை வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். கத்திரிக்கு அது போதும். ஒரு பெண்ணின் சிரிப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, பயம் தெரியாமலிருக்க வாய்ப்பாடு ஒப்பித்த கதையைச் சொல்லும் இடம் அது.

அப்படியானால் இன்னும் கேட்கவில்லை!

ஆனால் வரப்போகிறது. இந்த எபிசோட் அவளுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. ஆசிரியை முடித்ததும் கணீர் நேயர்களுக்கு நன்றி சொல்வான். பிறகு கம்பி வாத்தியத்தில் ஒரு சின்ன இழுப்பு. பிறகு 'குரலை மாற்றியிருக்கிறோம்'. பிறகு மாமா.

"யாரும்மா? இங்கெல்லாம் வரக்கூடாது" என்றார் சூப்பர்வைசர். போனை நிறுத்தவில்லை.

"சார், நான்... கீழ வேலை செய்யறாரே, அவரோட மச்சினி. வீட்டுல ஒரு அவசரம். அவரைக் கொஞ்சம் கூப்பிடணும்."

"என்ன ஆச்சு?"

"அக்கா கையைச் சுட்டுக்கிட்டா. இஸ்திரிப் பெட்டி." பாதிப் பொய் சுலபமாக வந்தது.

"அடடா! பெரிய காயமா? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" அவர் முகத்தில் தெரிந்த பதற்றம் நிஜமானது. கெட்டவராக இருந்திருந்தால் இவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் எழுந்து தரை ஓட்டையில் குனிந்து, "டேய்! வேலையை நிறுத்து. மேல வா. உன் மச்சினி வந்திருக்கு" என்று கத்தினார்.

"எதுக்குண்ணே?" கிணற்றுக்குள்ளிருந்து வந்தது மாமாவின் குரல்.

"வாடான்னா வாயேன்! ஏத்தறேன், பிடிச்சு நில்லு."

"மாமாவே ஓட்டிக்க முடியாதா?" என்று கேட்டாள் கத்திரி. கூண்டின் தலைமேலேயே ஒரு பொத்தான் பெட்டி இருக்கும், மேலே நிற்பவன் உயிர் அவன் கையிலேயே இருக்க வேண்டும் என்று மாமா விளக்கியது அவளுக்கு மனப்பாடம்.

"அந்தப் பெட்டி செத்து வருஷமாகுதும்மா. எல்லாம் இங்கிருந்துதான்" என்றபடி அவர் சுவரிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

மோட்டார் உறுமியது. சக்கரம் மெல்லச் சுழன்றது. மாமா எங்கோ இருட்டில், இந்த மனிதரின் கட்டைவிரல் அழுத்தத்தில் மேலே வந்துகொண்டிருந்தார்.

ஆசிரியை முடித்துவிட்டாள்.

கணீர் நன்றி சொல்ல ஆரம்பித்தான். மோட்டார் சத்தத்தில் சொற்கள் கரைந்தாலும் ஏற்ற இறக்கம் அவளுக்குத் தெரிந்தது. 'உங்கள் ஆதரவுதான் எங்களுக்கு...' அடுத்தது இழுப்பு. மாமா இன்னும் வந்து சேரவில்லை. குழிக்குள் தொங்கும்போது இவர் காதில் அது விழக்கூடாது. வெளியே வந்து தரையில் கால் வைக்கட்டும், பிறகு என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும்.

கம்பி வாத்தியம் இழுத்தது.

"சார்! மோட்டார்ல ஏதோ சத்தம்!"

அவள் கணக்குத் தப்பவில்லை. இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதர் அனிச்சையாகக் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினார். கணக்கில் வராதது ஒன்று இருந்தது. கட்டைவிரலையும் எடுத்துவிட்டார்.

மோட்டார் நின்றது. குழியிலிருந்து, "அண்ணே! ஏண்ணே நடுவுல நிறுத்திட்டீங்க?" என்று மாமா கத்தினார்.

"இரு! ஒரு சத்தமாம், பாக்கறேன்!" என்றார் இவர். "எப்படிம்மா சத்தம்?"

"கர்... கர்ருன்னு. சக்கரம் ஒரு சுத்து வர்றப்போ ஒரு தடவை." வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் மார்பில் இப்போது இரண்டு குமிழ்களும் ஆடின. இரண்டிலும் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். எறும்புக் குரலில், ஆனால் அச்சு அசலாக, இருமலோடு.

சூப்பர்வைசர் டார்ச்சை எடுத்தார். மோட்டாரைப் பார்க்கவில்லை. நேராக வடத்தின்மேல் வெளிச்சம் அடித்தார். இரும்பு இழைகள் சில அறுந்து, முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் விரலால் தடவினார், குத்தியிருக்க வேண்டும், கையை உதறினார்.

"சத்தம் போடற கட்டத்தையெல்லாம் இது தாண்டிடுச்சும்மா" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"எது சார்?"

"ஒண்ணுமில்ல."

அவளுடைய பொய்யால் மாமா இந்த வடத்தில்தான் நடுவழியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"சார், எனக்குத்தான் பிரமை. அவரை முதல்ல மேல கொண்டு வந்துடுங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். இந்த முறை இன்னும் மெல்ல, கண்ணை வடத்திலிருந்து எடுக்காமல். கதவு இழுபடும் ஒலி. கீழிருந்து, "வந்துட்டேண்ணே! தளத்துல இறங்கிட்டேன்!"

அவள் மூச்சு விட்டாள். அவரும் மூச்சு விட்டார். பிறகு சாவகாசமாக இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

முகம் மாறுவதைக் கத்திரி பார்த்தாள். முதலில் புருவம். பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தது, இருட்டில் யாரோ தெரிந்தவர் நடந்து வருவதைப் பார்ப்பவர் போல. எந்த வாக்கியம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

ஏணிப்படி தடதடத்தது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மாமா உள்ளே வந்தார். "என்னடி, அக்காவுக்கு என்ன? நீ ஏன் காலுக்கொரு செருப்பைப் போட்டுட்டு நிக்கறே?"

சூப்பர்வைசர் மாமாவையே பார்த்தார். காதிலும் அதே குரல், எதிரிலும் அதே குரல். இயர்போன் வயரைப் போனிலிருந்து உருவி, மறுபடி ஓடவிட்டார். போன் உரக்கப் பேசத் தொடங்கியது.

'...எண்ணெய் போட்டா பளபளன்னு இருக்கும் சார். அறுந்தது கண்ணுக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்துடுவேன். மேல இருக்கறவரு கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லிடுவாரு...'

மாமாவின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. அவர் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை. கத்திரியைத்தான் பார்த்தார்.

"குரலை மாத்தறேன்னியேடி."

அதற்குமேல் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

"மாமா, நான்... ஒரு பொத்தானை அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"பொத்தானை" என்றார் மாமா. கோபப்படவே தெம்பில்லாதவர் போல மோட்டார்மேல் சாய்ந்துகொண்டார். பிறகு நிமிர்ந்தார். "ஆமாண்ணே. நான்தான் பேசினேன். யார் சொல்லியும் பேசல."

"கண்ணை மூடிக்கிட்டா?" சூப்பர்வைசரின் குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் கண்ணை மூடிக்கிட்டா சரின்னு சொல்றேன்? உனக்கு முதல்ல ஸ்பானர் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன்டா நான்! ஊரே கேக்கற இடத்துல போய் என்னைப் பத்திச் சொல்ல உனக்கு இந்த ஒரு வார்த்தைதான் கிடைச்சுதா?"

"நிறையச் சொன்னேண்ணே."

"எங்க? இதுல காணோமே!"

கத்திரி ஓரடி முன்னால் வந்தாள்.

"அதை நான்தான் வெட்டினேன் சார். ஸ்பானர் கொடுத்தவர்னு வந்தா, அது யாரு, சொல்றது யாருன்னு உங்க கம்பெனியில உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. இவரைக் காப்பாத்தறதா நெனச்சு வெட்டினேன்."

"என்ன சொன்னான்?"

வெட்டிய துண்டுகள் அவளுக்கு மறப்பதில்லை. வைத்ததைவிட எறிந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பாள். மாமா நிறுத்திய இடங்களில் நிறுத்தி, அப்படியே சொன்னாள்.

"'மேல இருக்கறவரு கெட்டவரு இல்ல. என் கையில முதல் ஸ்பானரைக் கொடுத்ததே அவருதான். வடம் மாத்தணும்னு எனக்கு முன்னாடியே கேட்டவரும் அவருதான். எல்லாரும் இருக்கறப்போ முதலாளி அவரை நாயே பேயேன்னு திட்டினாரு. அதுலேர்ந்து அவரு எதுவும் கேக்கறதில்ல. நாளைக்கு நானும் அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.'"

அறையில் போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தார். மாமா தரையில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாமா சொன்னே?"

"இருட்டு அலமாரிண்ணே. வாய் பாட்டுக்கு வந்துடுச்சு."

திடீரென்று போனிலிருந்த பேச்சு அறுந்தது. மணி அடித்தது. திரையைப் பார்த்ததும் சூப்பர்வைசர் அனிச்சையாக எழுந்து நின்றார்.

"முதலாளி" என்றார்.

இன்னும் கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தார். காதில் வைக்கத் தேவையே இல்லாத குரல் அது.

"கேட்டியாய்யா அந்தக் கண்றாவியை?"

"கேட்டேன் சார்."

"நானும் இப்பத்தான் போட்டுக் கேட்டேன். எவனோ நம்ம பயதான். குரலைத் தகர டப்பா மாதிரி ஆக்கி வச்சிருக்கானுங்க, யாருன்னு பிடிபடல."

கத்திரி மாமாவின் மணிக்கட்டைப் பற்றினாள். புது ஃபைல்! முதலாளிக்குப் போனது புது ஃபைல். வேறு யாரும் அவரிடம் இதுவரை சொல்லவும் இல்லை. அப்படியானால் இப்போதைக்கு அந்தக் கம்பெனியில் மாமாவை அடையாளம் தெரிந்தவர் இந்த அறைக்குள் நிற்கும் இந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

"உன் ஆளுங்களை உனக்குத் தெரியாம இருக்காது. யாருன்னு சொல்லு. இன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பறேன்."

சூப்பர்வைசர் மாமாவைப் பார்த்தார். பிறகு வடத்தைப் பார்த்தார். குத்திய விரலின் நுனியில் புள்ளியாக ரத்தம் வந்திருந்தது, அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். பேசுவதற்கு முன்னால் அவர் இழுத்த மூச்சு கத்திரிக்குக் கேட்டது.

"தெரியல சார்."

"என்னது?"

"குரலை மாத்தியிருக்காங்களே சார். எப்படித் தெரியும்?"

"உனக்கே தெரியலேன்னா..."

"இன்னொண்ணு சார்." வார்த்தைகள் நின்று நின்று வந்தன. "இந்தக் கட்டடத்து லிஃப்டை நான் ஓடவிடப் போறதில்ல. வடம் மாத்தணும். மாத்தாம என்னால சரின்னு எழுத முடியாது."

மறுமுனையிலிருந்து வந்த வசவுகளை அவர் காதருகே வைத்துக் கேட்கவில்லை. போனைக் கை நீட்டிப் பிடித்தபடி, மழை விடுவதற்குக் காத்திருப்பவர் போல நின்றார். வசவு நின்றதும், "சரிங்க சார்" என்று சொல்லி வைத்தார்.

எபிசோட் விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடர்ந்தது. போனில் மாமா பேச ஆரம்பித்தார்.

"இதை எப்படிம்மா அழிக்கறது?" என்று சூப்பர்வைசர் போனைக் கத்திரியிடம் நீட்டினார். அவள் அழித்துவிட்டுக் காட்டினாள்.

"நல்லா அழிஞ்சுதா?"

"அழிஞ்சுடுச்சு சார். திரும்ப இறக்கினா மாத்தின குரல்தான் வரும்."

"மாத்தினியா, ஒழுங்கா கேட்டியா?"

"இந்தத் தடவை கேட்டேன் சார்."

அவர் பெரிய சுவிட்சை இறக்கி, கொக்கியில் பூட்டுப் போட்டார். மூன்று பேரும் படியில் இறங்கினார்கள். மாமா கத்திரியோடு பேசவில்லை. ஒரு திருப்பத்தில், "அக்கா கை நிஜமாவே சுட்டுடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சட்டைதான் மாமா. உங்களோடது."

"எந்தச் சட்டை?"

"கேக்கல."

"அதையும் கேக்கல" என்றார். "வீட்டுக்குப் போய் உங்க அக்காகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டப்புறம், உன்கிட்ட வச்சுக்கறேன்."

தரைத்தளத்தில் பைக்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். "என்னய்யா, ஓடுமா ஓடாதா?"

"ஓடாது" என்றார் சூப்பர்வைசர்.

"எப்ப ஓடும்?"

"வடம் மாத்தினப்புறம்."

"அது எப்ப?"

"அதை எங்க முதலாளியைக் கேளுங்க. சத்தமாக் கேளுங்க."

பைக்காரர் திட்டிக்கொண்டே படியேறத் தொடங்கினார். வாசலில் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்த சூப்பர்வைசரின் அருகே மாமா போய் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, நாளைக்கு நான் வேலைக்கு வரலாமாண்ணே?"

அவர் சாவியை எடுத்துவிட்டார். வண்டியைத் திறக்காமல் அதைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"வா. ஆனா வாசல்லயே நின்னு, நான் இன்னும் வேலையில இருக்கேனான்னு பாத்துட்டு வா."